முப்பிடாதியம்மாளின் மூன்று கணவர்கள்

சொரிமுத்துவுக்கு வேண்டியதெல்லாம் ஒரு நாற்காலி. தாராவியில் ஒரு பெல்ட் கார்கானாவில், அதாவது பட்டறையில், இருபத்தாறு வருஷம் நின்றபடியே தோல் வெட்டியவர். முழங்கால் இரண்டும் எண்ணெய் காணாத கதவுக் கீல் மாதிரி முனக ஆரம்பித்துவிட்டன. அப்போதுதான், செம்பூரில் தான் சமையல் வேலை பார்க்கும் கட்டடத்தில் மூன்று கேட்டுக்கு மூன்று வாட்ச்மேன் எடுக்கிறார்கள் என்று அவர் மனைவி முப்பிடாதியம்மாள் சேதி கொண்டுவந்தாள்.

"உக்காந்து பாக்குற வேலை. தலைக்கு மேல ஃபேன் சுத்தும். ஆனா வந்தவன் ஏன் வந்தான், போனவன் ஏன் போனான்னு ரிஜிஸ்டர்ல இங்கிலீஷ்ல எழுதணுமாம். செக்ரட்டரி பரீட்சை வச்சுத்தான் எடுப்பாராம். குடும்பத்தப் பத்தி நாலு வரி எழுதச் சொல்லுவாருன்னு ஏழாவது மாடி அம்மா சொன்னாவ."

சொரிமுத்து தமிழ் எழுத்தே நாற்பதைத் தாண்டித்தான் படித்தார். ஆங்கிலம் இப்போது ஒரு வருஷமாக. மாட்டுங்காவிலிருந்து ஞாயிறுதோறும் வந்து சொல்லிக்கொடுக்கும் சாருலதா ஒரு பேங்க் அதிகாரி. அவருடைய வகுப்புக்குச் சொரிமுத்துவோடு கார்கானாவிலிருந்து இன்னும் இரண்டு பேர் போனார்கள். ஒருவன் தையல் மிஷின் உதுமான். இன்னொருவன் பக்கிள் மாட்டும் மாரிக்கண்ணன். முப்பத்தெட்டு வயசாகியும் பெண் அமையாதவன்.

"நீங்க எழுதறது தந்தி மாதிரி இருக்கு. 'நான் வந்தேன். மழை. லேட்.' இதையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்க்கணும்" என்று சாருலதா ஒருநாள் பலகையில் சொற்களை எழுதினார். பிகாஸ், ஸோ, பட், ஆல்தோ. அதற்குக் கீழே ஆல்வேஸ், நெவர், யூஷுவலி, ஸ்டில். "ஆல்தோன்னா 'இருந்தாலும்'னு அர்த்தம். ஆல்தோன்னு ஆரம்பிச்சா நடுவுல பட் போடக் கூடாது. நிறையப் பேர் ரெண்டையும் போட்டுடறா."

"ஒரே இடத்துல ரெண்டு தையல் அடிச்சா தோலு கிழிஞ்சிரும் டீச்சர்" என்றார் சொரிமுத்து.

"அதேதான்!" என்று டீச்சர் கைதட்டிவிட்டார். அந்தக் கைதட்டல் சொரிமுத்துவின் தலைக்குள் ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தது.

பரீட்சைக்காக நான்கு நாள், தோலை வெட்டிக்கொண்டே வாக்கியத்தையும் வெட்டினார். கடைசியில் இப்படி வந்தது: 'ஆல்தோ மை ஒய்ஃப் முப்பிடாதியம்மாள் இஸ் ஆல்வேஸ் ஆங்ரி, ஐ நெவர் ஆன்சர், பிகாஸ் ஷி இஸ் யூஷுவலி ரைட்.' டீச்சர் கொடுத்ததில் அஞ்சு சொல் ஒரே பட்டையில் சுருக்கமில்லாமல் உட்கார்ந்துவிட்டன. அதைப் பெல்ட் அட்டையில் எழுதி, கூடவே பரீட்சை எழுதப்போகும் உதுமானிடமும் மாரிக்கண்ணனிடமும் நீட்டினார்.

"இதாம்ல சாம்பிள்."

இங்கே கார்கானா வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆர்டர் கொடுக்கும் பார்ட்டியிடமிருந்து சாம்பிள் வந்தால், ஓட்டை ஏன் இங்கே இருக்கிறது என்று ஒருவரும் கேட்கக் கூடாது. முத்திரை கோணலாக இருந்தால் கோணலாகவே அடிக்க வேண்டும். ஒரு தடவை மாரிக்கண்ணன் கோணல் முத்திரையை நல்லெண்ணத்தோடு நேராக்கி அடித்தான். அறுநூறு பெல்ட் திரும்பி வந்தது. அன்றிலிருந்து சாம்பிளில் ஈ செத்து ஒட்டியிருந்தால் அதையும் சேர்த்து அடிக்கிறவனாகிவிட்டான். இரண்டு பேரும் அட்டையைப் புள்ளி விடாமல் மனப்பாடம் செய்தார்கள்.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் பரீட்சை. செக்ரட்டரி சுந்தரராமன் பாலக்காட்டுக்காரர், ஆபீஸில் முப்பது வருஷம் கடிதம் எழுதி ரிட்டயரானவர். மூன்று தாளையும் வாங்கினார். முதல் தாளைப் படித்துப் புன்னகைத்தார். இரண்டாவதில் புன்னகை நின்றது. மூன்றாவதில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"யாராக்கும் இந்த முப்பிடாதியம்மாள்?"

"என் சம்சாரம் சார்" என்று சொரிமுத்து எழுந்தார். மற்ற இருவரும் கூடவே எழுந்தார்கள்.

"மூணு பேருக்குமா?"

"சேச்சே! எனக்கு அக்கா முறை சார்" என்றான் உதுமான்.

"அக்காவையா ஒய்ஃபுன்னு எழுதி வச்சிருக்கே?"

"சாம்பிள்ல அப்படித்தான் சார் இருந்துச்சு."

சுந்தரராமன் மாரிக்கண்ணனைப் பார்த்தார். "உனக்கு?"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல சார்."

"காப்பியடிச்சிருக்கேள்! மூணு பேரும் கிளம்புங்கோ!"

சொரிமுத்துவின் கண்முன்னால் நாற்காலி நாலு காலையும் தூக்கிக்கொண்டு ஓடியது. "சார், எங்க தொழில்ல ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்லைன்னாத்தான் சார் குத்தம். இது காப்பி இல்ல, ஒரே சாம்பிள்ல அடிச்ச லாட்டு" என்று கெஞ்சினார்.

"அந்த அம்மா இங்கதான சார் சமைக்கு?" என்று மாரிக்கண்ணன் உதவி செய்வதாக நினைத்து உளறினான்.

ஏழாவது மாடிக்குப் போன் போயிற்று. முப்பிடாதியம்மாள் கையை முந்தானையில் துடைத்தபடி வந்தாள். சுந்தரராமன் நடந்ததைச் சொல்லி, வாக்கியத்தையும் தமிழில் சொன்னார்: "என் மனைவிக்கு எப்பவும் கோபம். இருந்தாலும் நான் ஒருபோதும் பதில் பேசறதில்லை. ஏன்னா, அவள் சொல்றது பெரும்பாலும் சரி."

அவள் உதுமானையும் மாரிக்கண்ணனையும் விட்டுவிட்டாள். நேராகப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"பதிலே பேச மாட்டீகளோ? நேத்து கருவாட்டுக் கொழம்புல உப்பு கம்மின்னது எந்த வாயி?"

"அது... நீதான எப்படியிருக்குன்னு கேட்ட..."

"பெரும்பாலும்னா என்ன அர்த்தம்? எப்ப நான் தப்பாச் சொன்னேன்?" செக்ரட்டரியிடம் திரும்பினாள். "காப்பியடிச்சதுக்கு விரட்டாதீங்க சார். பொய் எழுதினதுக்கு விரட்டுங்க. இல்லைன்னா ஆளுக்கொரு மூலையில உக்கார வச்சு, அவனவன் வீட்ட அவனவனே எழுதச் சொல்லுங்க."

சுந்தரராமனின் மீசை துடித்தது. சிரிப்பை அடக்குகிறாரா, கோபத்தையா என்று தெரியவில்லை. உதுமானை லிஃப்ட் பக்கமும் மாரிக்கண்ணனைத் தண்ணீர்த் தொட்டி பக்கமும் அனுப்பினார். சொரிமுத்துவை மட்டும் தன் எதிரிலேயே உட்கார வைத்தார். "பதினஞ்சு நிமிஷம்."

சொரிமுத்துவுக்கு இப்போது சாம்பிள் கிடையாது. வெறும் தாளில் கத்தி வைக்கிற மாதிரி பேனாவை வைத்து எடுத்தார், வைத்து எடுத்தார். பக்கத்தில் முப்பிடாதியம்மாள் இடுப்பில் கையூன்றி நின்றாள். அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பேனா தானாக ஓடியது.

சுந்தரராமன் சத்தமாகப் படித்தார். "ஐ சம்டைம்ஸ் ஆன்சர், பட் வெரி சாஃப்ட்லி, பிகாஸ் ஷி இஸ் ஆல்வேஸ் ஹோல்டிங் தி கரண்டி." கரண்டியைத் தமிழிலேயே எழுதியிருந்தார். செக்ரட்டரி அதைச் சிவப்பில் வட்டமிட்டார். வட்டமிடும்போதே தோள் குலுங்கியது.

மாரிக்கண்ணன், தனக்கு இன்னும் கல்யாணமாகவில்லை, ஸோ மனைவியின் கோபம் பற்றி ஒன்றும் தெரியாது, இந்தக் கட்டடத்தில் நல்ல இடம் இருந்தால் சொல்லவும் என்று எழுதியிருந்தான்.

உதுமானின் தாளைப் படிக்க முடியாமல் சுந்தரராமன் இரண்டு தடவை நிறுத்தினார். 'ஆல்தோ நான் எழுதிக் கொடுத்தேன், முப்பிடாதியம்மாள் என் மனைவி இல்லை. என் மனைவி நூர் நிஷா. ஷி ஸ்டில் என்னை நம்புகிறாள். ப்ளீஸ் நெவர் டெல் ஹர்.'

"நாளைக்குக் காலம்பற ஏழு மணி. மூணு பேரும் வந்து சேருங்கோ" என்று சொல்லிவிட்டுச் செக்ரட்டரி கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வெகுநேரம் வந்தது.

சொரிமுத்து சந்தோஷத்தில் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உதுமான்தான் முப்பிடாதியம்மாள் பின்னாலேயே லிஃப்ட்வரை ஓடினான்.

"அக்கா, வீட்டுல மட்டும் சொல்லிராதீகக்கா."

"கீழ இறங்கி வரும்போதே போன்ல சொல்லிட்டேனே தம்பி. உங்க செக்ரட்டரி போன்ல கத்துன கத்துலயே விசயம் வெளங்கிருச்சு."

"அய்யோ! அவ என்னக்கா சொன்னா?"

"'அவர நீங்களே ஒரு மாசம் வச்சுப் பாருங்கக்கா. ஆனா திருப்பி மட்டும் அனுப்பிராதீங்க'ன்னா" என்று சொல்லிவிட்டு அவள் ஏழாம் நம்பர் பொத்தானை அழுத்தினாள்.