மணப்பெண் ஓட வேண்டிய இடம்

1

இந்தக் கதை ஓர் எரிச்சலில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன ஜூன் மாதம் எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் பான்கேக் விருந்து. எனக்கு எதிரே உட்கார்ந்தவன் ஊருக்குப் புதியவன். பள்ளியில் இசை சொல்லித்தர வந்திருக்கிறான். தட்டில் சிரப்பை ஊற்றிக்கொண்டே கேட்டான்:

"உங்க ஊர்லகூட ஒரு டிரம் கோர் இருந்துச்சாமே? எப்பவும் கடைசியாத்தான் வருமாமே?"

என் பக்கத்தில் இருந்த ரோலி க்ரூஸ்கா முட்கரண்டியைக் கீழே வைத்தான். ரோலிக்கு இப்போது எழுபது நெருங்குகிறது. அந்தக் காலத்தில் எங்கள் கோரின் பெரிய டிரம் அவன் வயிற்றில்தான் தொங்கியது.

"எப்பவும்னு சொல்லாத தம்பி. ஒரு தடவ எங்களுக்கு முந்தி வரவேண்டிய கோரோட பஸ்ஸு நடுவழியில நின்னுபோச்சு. அன்னிக்கு ஒரு இடம் முன்னேறினோம்."

மேசையே சிரித்தது. எனக்கு மட்டும் எரிந்தது. ஜெயித்தவர்களைப் பற்றி எழுத ஆளுக்குப் பஞ்சமில்லை. கடைசியில் வந்தவர்களைப் பார்க்கத்தான் சனம் சீக்கிரமே வந்து உட்கார்ந்தது என்பதை யார் எழுதுவார்கள்? வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

2

தொடக்கங்கள். எல்லாவற்றையும் அப்படியே விட்டுவைக்கிறேன்.

"விஸ்கான்சினின் மேற்கே, பிளம் ஆறு வளைந்து திரும்பும் இடத்தில்..." (வேண்டாம். எல்லாக் கதையிலும் ஆறு வளைந்துதான் திரும்புகிறது.)

"மார்வா ஸ்லெசாக் பேரழகி..." (வேண்டாம். மார்வா என் பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். இதை யாராவது அவளுக்கு மொழிபெயர்த்துச் சொன்னால் என் தோட்டத்துத் தக்காளிச் செடிகளுக்கு ஆபத்து.)

"1976. நாட்டுக்கு இருநூறாவது பிறந்தநாள். அந்தக் கோடையில் எந்த மைதானத்துக்குப் போனாலும் கோர்கள் எல்லாம் கொடியும் நட்சத்திரமும் பீரங்கிச் சத்தமுமாக அணிவகுத்துக்கொண்டிருக்க, எங்கள் கோர் மட்டும் ஒரு கல்யாணத்தை நடத்திக்கொண்டிருந்தது."

இது பரவாயில்லை. இதையே பிடித்துக்கொள்கிறேன்.

3

கோர் என்றால் ஊதுகொம்புகளும் டிரம்களும் கொடி சுழற்றும் பெண்களும் சேர்ந்த படை. கால்பந்து மைதானத்தில் வாசித்துக்கொண்டே நடப்பார்கள். நடக்கும்போதே வட்டமாவார்கள், சுருளாவார்கள். எல்லோரும் இருபத்தொரு வயதுக்குள். நடுவர்கள் கையில் அட்டையோடு வரிசைகளுக்கு நடுவே புகுந்து, பிசகுக்குப் பிசகு ஒரு கோடு கிழிப்பார்கள்.

(ஆங்கிலத்தில் இந்தச் சொல்லை எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று. எழுத்தை அப்படியே படித்தால் 'கார்ப்ஸ்', அதாவது பிணம், என்று கேட்கும். எங்கள் கோரை நடத்திய விர்ஜில் கோஸ் ஊரின் சவ அடக்க நிலையத்துக்குச் சொந்தக்காரர் என்பதால் அந்தப் பகடியை ஊரே தேய்த்துத் தீர்த்துவிட்டது. நான் தொடவில்லை.)

எங்கள் கோருக்குப் பெயர் நாடோடிகள். சின்னக் கோர். பெரிய ஊர்க் கோர்கள் மைதானத்தை நிறைக்கும்; நாங்கள் நின்றால் அங்கங்கே புல் தெரியும். எங்களைப் போல இன்னும் சில உண்டு. குடைகளோடு வந்து மழையே இல்லாத மழைக்கு ஒதுங்கி நின்று வாசித்த கன்னிமாடத்துப் பெண்கள்; உயிருள்ள ஒரு வாத்தை முன்னால் நடக்கவிட்டு அதன் பின்னால் அணிவகுத்த அயோவாக்காரர்கள். வாத்து எந்தப் பக்கம் திரும்பியதோ அந்தப் பக்கம் கோரும் திரும்பியது. மதிப்பெண் என்ன கிடைத்தது என்று யாருக்கும் நினைவில்லை. வாத்தின் பெயர் டாரதி என்பது எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

நான் யார்? ஊர் மருத்துவரின் மனைவி வத்சலா. கோருக்குச் சமைத்த வண்டியில் இருந்தேன். கல்யாணப் பெண்ணின் முக்காட்டைத் தைத்தவளும் நான்தான். அவர்கள் வாயில் நான் 'வாட்ஸ்'. வெறும் வாட்ஸ்தான். ஆனால் தமிழில் எழுதும்போது 'அக்கா' தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

4

விர்ஜில் எழுதிய கல்யாணம் இதுதான்.

கொடிப் பெண்கள் இரண்டு வரிசையாக நின்று தேவாலயப் பாதை அமைப்பார்கள். மணப்பெண் மார்வா. கொடிப் பெண்களின் தலைவி, வாய்த்துடுக்கு உள்ளவள், கோடைகாலத்தில் பட்டாணி டப்பாத் தொழிற்சாலையில் வேலை. மாப்பிள்ளை ஆர்லின் தோர்சன். பாரிட்டோன் கொம்பு வாசிப்பவன். பால் பண்ணைக்காரர் மகன். கோரின் முன்னால் நின்று கைவீசித் தாளம் காட்டும் டிரம் மேஜர்தான் பாதிரியார். அவன் இரண்டு கையையும் உயர்த்துவான். கொம்புகள் எல்லாம் சேர்ந்து ஒரே நீண்ட ஒலியில், 'இவனை ஏற்கிறாயா?' என்று இழுக்கும். மார்வா பூச்செண்டைப் பாதிரியார் முகத்தில் எறிந்துவிட்டு ஓடுவாள், நேராக ரோலியிடம். ரோலி டிரம்மோடு சேர்ந்து ஓடுவான். போல்கா இசை வெடிக்கும். மொத்தக் கோரும் துரத்தும்.

சனம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். நடுவர்கள் கோடு கிழித்துக்கொண்டே இருப்பார்கள்.

எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. மாப்பிள்ளையைக் கவனிக்கத் தொடங்கும்வரை.

5

இங்கே ஒரு சிக்கல். ஆர்லினை எனக்கு எழுத வரவில்லை. ரோலியை எழுத வேண்டாம், அவனே பேசிவிடுவான். மார்வா நிற்க மாட்டாள், பேனாதான் பின்னால் ஓட வேண்டும். ஆர்லின் வந்து நிற்பான். தட்டை நீட்டுவான். "நன்றிக்கா" என்பான். போய்விடுவான். இப்படி ஒருவனை வைத்துக்கொண்டு என்ன கதை எழுதுவது?

அவன் வாயைத் திறந்த ஒரு நாள் இருக்கிறது. அதை வைத்துச் சமாளிக்கிறேன். ஏதோ ஒரு பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தி நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். வந்து ஒரு கத்தியை எடுத்து அவனும் உரிக்க ஆரம்பித்தான்.

"வாட்ஸ் அக்கா, விர்ஜில் சார்கிட்ட நீங்க ஒண்ணு கேக்கணும்."

"என்ன கேக்கணும்?"

"கதைய மாத்தச் சொல்லி. ஒரே ஒரு ஊர்லயாவது அவ ஓடாம இருந்தா என்ன?"

"ஓடலன்னா சிரிப்பு எங்கேருந்துடா வரும்?"

"அது சரிதான்." கொஞ்ச நேரம் உரித்தான். "எனக்கும் சிரிப்பாத்தான் இருந்துச்சு, ஆரம்பத்துல. தினமும் அவ்ளோ பேருக்கு முன்னாடி ஒருத்தி வேணாம்னுட்டு ஓடறா. அது நடிப்புன்னு மூளைக்குத் தெரியுது. மத்த எடத்துக்குத் தெரிய மாட்டேங்குது."

"அவகிட்ட சொன்னியா?"

"எதுக்கு? அவதான் போறாளே."

அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. மினியாபொலிஸில் விமானப் பணிப்பெண் பயிற்சிக்கு மார்வாவுக்கு இடம் கிடைத்திருந்தது. கோடை முடிந்ததும் கிளம்புகிறாள். சின்ன வயதிலிருந்தே வானத்தில் விமானம் போனால் பட்டாணிக் கூடையை அப்படியே போட்டுவிட்டு அண்ணாந்து பார்க்கிறவள்.

(அன்று மாலையே மார்வாவிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "அவனா? அவன் மாடுங்ககிட்ட பேசறதுல பாதியாவது எங்கிட்ட பேசட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றாள். சொல்லிவிட்டு முக்காட்டைக் கண்ணாடி முன் தேவைக்கு மேல் நேராக்கினாள். இதை வைத்து ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். முக்காடு காற்றில் கோணியிருக்கலாம்.)

6

கோடையின் கடைசிப் போட்டி. லிண்டர்ஸ்வில் கண்காட்சித் திடல். சின்னக் கோர்களை வெயில் தாழுமுன்னே முதலில் மைதானத்துக்குள் அனுப்பிவிடுவார்கள். பாதிச் சனம் அப்போதுதான் சாஸேஜும் பியருமாக இடம் தேடிக்கொண்டிருக்கும். அவர்களைத் திரும்பிப் பார்க்க வைப்பதுதான் எங்கள் வெற்றி. எங்களுக்கு அடுத்து உள்ளே வர வாசலில் ஒரு பெரிய கோர் பளபளக்கும் நீலத்தில் தயாராக நின்றது.

பக்கவாட்டுக் கோட்டுக்கு வெளியே விர்ஜிலும் நானும். அவர் எப்போதும் போலக் கறுப்புச் சட்டை, கறுப்பு டை.

பாதை அமைந்தது. மார்வா வந்தாள். பாதிரியார் கையை உயர்த்தினான். கொம்புகள் அந்தக் கேள்வியை ஒலித்தன.

மார்வா ஓட வேண்டும்.

மார்வா நின்றாள்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அவள் ஓடுவதுதான் சைகை. அவள் ஓடினால்தான் அந்த ஒலி நிற்கும், போல்கா தொடங்கும். அவள் நின்றதால் கொம்புக்காரர்கள் ஊதிக்கொண்டே இருந்தார்கள். முகங்கள் சிவந்தன, பிறகு ஊதா நிறமாயின. டிரம் மேஜரின் உயர்த்திய கைகள் நடுங்கின. படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் அங்கங்கே அப்படியே நின்று திரும்பினார்கள்.

"ஓடுடி," என்று விர்ஜில் முணுமுணுத்தார். "கண்ணு, ஓடுடி."

அவள் பூச்செண்டை எறியவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முக்காட்டைத் தானே மேலே தள்ளி, ஆர்லினைப் பார்த்து ஏதோ சொன்னாள். எங்களுக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த கொடிப் பெண்கள் பிற்பாடு சத்தியம் செய்தார்கள்: "'ஏத்துக்கறேன்'னுதான் சொன்னா. நடிப்பு மாதிரி இல்ல. சும்மா, ரொட்டி வேணுமான்னு கேட்டா சரிங்கற மாதிரி."

ஆர்லின் அவளைப் பார்த்தான்.

பாரிட்டோனை அக்குளில் இடுக்கினான்.

ஓடினான்.

"அய்யய்யோ!" விர்ஜில் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "தப்பான ஆளு ஓடறான்! வாட்ஸ், தப்பான ஆளு!"

ஓட்டம் ஓட்டம்தானே. மூச்சு முட்டிக்கொண்டிருந்த கொம்புகள் விடுதலை கிடைத்ததுபோலப் போல்காவுக்குள் பாய்ந்தன. கோர் துரத்தியது. யாரைத் துரத்துகிறோம் என்று பாதிப் பேருக்குத் தெரியவில்லை. ரோலி தன்னிடம் ஓடிவர வேண்டிய பெண்ணைக் காணாமல், "டேய், நான் யார் கூடடா ஓடறது?" என்று கத்திக்கொண்டே தனியாக ஓடினான். டிரம்களுக்கு நடுவே குனிந்து கோடு கிழித்துக்கொண்டிருந்த நடுவர் ஒருவர் கூட்டத்தில் மாட்டி, வேறு வழியில்லாமல் அவரும் ஓடினார், அட்டையை மார்போடு அணைத்தபடி. எல்லோருக்கும் முன்னால், பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, மார்வா.

லிண்டர்ஸ்வில் எழுந்து நின்றது. சாஸேஜ் பறந்தது. அழுதுகொண்டே சிரித்த ஒரு தடித்த மனிதரை இப்போதும் என்னால் வரைந்து காட்ட முடியும்.

கோல் கோட்டில் அவள் அவனைப் பிடித்தாள். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துத் திருப்பினாள். அவன் முகத்தோடு முகம் வைத்து ஏதோ சொன்னாள்.

7

மதிப்பெண்: கடைசி. ஆனால் கைதட்டல் நிற்கவில்லை. நீலப் பளபளப்புக் கோர் வாசலிலேயே காத்திருக்க வேண்டியதாயிற்று. விர்ஜில் டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே இப்படித்தான்னு எழுதிடலாமா?" என்றார். எங்கள் கோருக்கு அடுத்த கோடையே இல்லாமல் போனது வேறு கதை.

ஆர்லின் ஏன் ஓடினான்?

ரோலி சொல்வது: "ஆட்டத்தக் காப்பாத்தினான். யாராவது ஓடியாகணும். அவ ஓடல, இவன் ஓடினான். அவ்ளோதான். நீங்கதான் பெருசாக்கறீங்க."

கொடிப் பெண்கள் சொல்வது: பயம். கேட்டுக்கொண்டே இருந்தது திடீரென்று கையில் வந்து விழுந்தால் யார்தான் ஓட மாட்டார்கள்?

நான் நினைப்பது: அவள் அங்கே சம்மதம் என்று சொல்லிவிட்டால் இங்கேயே தங்கிவிடுவாள். அவளுக்கு விமானம் போய்விடும். அதனால் அந்தச் சம்மதத்தை அவன் வேடிக்கையாக்கினான். இது மிக அழகாக இருக்கிறது. அதனாலேயே எனக்கு இதில் சந்தேகம்.

நடந்தவற்றைச் சொல்கிறேன். இலையுதிர் காலத்தில் மார்வா போனாள். பஸ் நிலையத்துக்குப் பிக்கப் வண்டியில் கொண்டுபோய் விட்டவன் ஆர்லின்தான். இருபத்தைந்து வருடம் பறந்தாள். திரும்பி வந்து மேப்பிள் தெருவில் வீடு வாங்கினாள். இருவரும் வேறு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை, ஒருவரை ஒருவர் கட்டிக்கொள்ளவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் பிக்கப் அவள் வாசலில் நிற்கும். ஊர் எதுவும் கேட்காது. தனக்குத் தெரியும் என்று ஊர் நினைக்கிறது.

8

முடிவு எழுத வேண்டும் என்பதற்காகப் போன ஞாயிறு அந்த வாசலுக்கு நானே போனேன். இரண்டு பேரும் முன்னறையில் சோளக்கதிர் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"கோல் கோட்டுல என்ன சொன்னே? கதைக்கு வேணும்."

"'மூச்சு வாங்குது, நில்லுடா'ன்னு சொன்னேன்," என்றாள் மார்வா.

"பொய்," என்றான் ஆர்லின். "ஒண்ணும் சொல்லல. காதத் திருகினா."

"நீ சும்மா இரு. உனக்குக் காதும் கிடையாது, வாயும் கிடையாது."

"அப்ப எதத் திருகினே?"

மார்வா சிரித்துச் சிரித்துக் கதிரைக் கீழே போட்டாள். அவன் குனிந்து எடுத்துக் கொடுத்தான். நான் கேட்டதை இருவரும் மறந்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் நான் இருப்பதையும்.

வீட்டுக்கு வந்து நான் எழுதிப் பார்த்த வாக்கியங்கள் இவை. "'பயந்தாங்கொள்ளி,' என்றாள் மார்வா, 'நான் திரும்பி வர்றவரைக்கும்...'" (அவள் அப்படி நீளமாகப் பேசுகிறவள் இல்லை.) "'நன்றிடா,' என்றாள்." (இது என் அழகான விளக்கத்துக்குத் தோதாக இருக்கிறது. ஆகவே வேண்டாம்.) "'இப்ப உன் முறை, கேளுடா,' என்று..." (கிட்டத்தட்ட. ஆனால் என்னவோ...)

என்னால் முடியவில்லை. உங்களிடம் விடுகிறேன்.

கோல் கோடு. வெயில். அவன் காலர் அவள் கையில். இருவருக்கும் மூச்சு இரைக்கிறது. போல்கா நெருங்கிக்கொண்டிருக்கிறது, பின்னால் மொத்தக் கோரும், ஒரு நடுவரும். அவள் வாயைத் திறக்கிறாள். அவளுக்கு ஒரு வாக்கியம் கொடுங்கள். நிதானமாக யோசிக்க நேரமில்லை, ரோலிக்கு அந்த டிரம்மோடு ஓடத் தெரியுமே தவிர நிற்கத் தெரியாது.