பட்டியலில் பதினெட்டாவது டாக்டர்

என் வீட்டுக்காரர் சுவர்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். ஏணிதான் அவர் பிழைப்பு. போன மாதம் இரண்டு தடவை ஏணி உச்சியில் தலை சுற்றி, இறங்கி உட்கார்ந்துவிட்டாராம். அவர் இதைப் பற்றி என்னிடம் மூச்சுவிடவில்லை, கூட வேலை செய்பவர்தான் போட்டுக்கொடுத்தார். டாக்டரிடம் கூப்பிட்டால், அரசாங்கக் காப்பீட்டு அட்டையை ஏற்கும் டாக்டரைப் பக்கத்திலேயே கண்டுபிடி, மறுபேச்சில்லாமல் வருகிறேன் என்றார். அப்படி ஒருவர் கிடைக்கவே மாட்டார் என்ற தைரியம்.

என்னிடமா சவால்? காப்பீட்டு அலுவலகத்துக்குப் போய்ப் பொது மருத்துவர்கள் பட்டியலை வாங்கிவந்தேன். நாற்பது பேர், பொடி எழுத்து. தையல் மெஷின் பக்கத்தில் அதைப் பரப்பிக்கொண்டு, ஒரு சட்டைக்குக் காலர் வைத்ததும் ஒரு போன் என்று ஆரம்பித்தேன். முதல் டாக்டர் ஓய்வுபெற்று மூன்று வருடமாம். இரண்டாவது எண் இப்போது சோபாக் கடை. அந்த மனிதர் தலைசுற்றல் கதை முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் அதைச் சொன்னார், தள்ளுபடி இருப்பதையும் சேர்த்து. அப்புறம் பாதிப் பேர் அட்டையை வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். மீதிப் பேர் வாங்குகிறார்கள், ஆனால் புது நோயாளிகளைச் சேர்ப்பதில்லை. பழைய நோயாளி ஆவது எப்படி என்று ஒருத்தியிடம் கேட்டேன். போனை வைத்துவிட்டாள்.

பதினெட்டாவது எண்ணில் பேசியவள் நல்ல பெண். அட்டை செல்லும், புது ஆட்களும் வரலாம், கிளினிக் இரண்டு தெரு தள்ளி, சலவைக் கடைக்கு மேல் மாடி என்றாள். தையலை நிறுத்திவிட்டு எங்கள் இருவருக்கும் பொதுவான அட்டையின் எண்ணைப் படித்தேன்.

"இந்த நம்பர்ல ஏற்கெனவே வியாழக்கிழமை நாலு மணிக்கு ஒரு அப்பாயின்ட்மென்ட் இருக்கே," என்றாள். "காலையிலதான் உங்க வீட்டுக்காரர் பேசினார். அவர் மனைவிக்காம். சாயங்காலமானா கால் வீங்குதாம், கேட்டா ஒண்ணுமில்லன்னு மழுப்புறாங்களாம்."

என் செருப்பு நுழையாமல் ஒரு மாதமாக அவருடைய பழைய செருப்பில்தான் நடக்கிறேன். என்னுடையது அறுந்துபோனதாகச் சொல்லிவைத்திருந்தேன். நம்பிவிட்டார் என்று நினைத்தேன். கோபம் கிளம்பியது; அது வந்து சேர்வதற்குள் அழுகை வந்துவிட்டது. நாலரைக்கு அவருக்கும் ஒன்று போடச் சொன்னேன்.

சாயங்காலம் கேட்டபோது திருதிருவென்று முழித்தார். அவரும் அதே பட்டியலை வாங்கி, காலை டீ வேளையில் கடைசியிலிருந்து மேலே போன் போட்டு வந்திருக்கிறார். அவருக்குச் சோபாக் கடை வாய்க்கவில்லை.

வியாழக்கிழமை அந்த மாடிப்படியில் அவர் இரண்டு தடவை நின்றார், நான் மூன்று தடவை. உள்ளே டாக்டரம்மா இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். நான் என் வீட்டுக்காரரைக் காட்டினேன். அவர் என்னைக் காட்டினார்.

"சரி, வீட்டுல பொய் சொல்லாதவங்க முதல்ல வாங்க," என்றார் டாக்டரம்மா.

இரண்டு பேரும் அசையவில்லை. பிறகு என் வீட்டுக்காரர்தான் எழுந்து, சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"என்னோடதுதான் பெரிய பொய், டாக்டர். ஏணியிலேர்ந்து விழப் பார்த்தேன். எனக்கே முதல்ல பாருங்க."