அறுபத்திரண்டு அடி யுகுலேலே

சரவணம்பட்டியில் லட்சுமிநாராயணன் புதிதாக வாங்கிய டெனர் யுகுலேலே, அந்த நாலு தந்திக் குட்டி கிட்டார், ஒரே மீட்டலில் அவர் மனைவி பங்காரம்மாவை அறுபத்திரண்டு அடி உயரத்துக்கு ஏற்றியது. ஏறினது ஒரு விஷயமே இல்லை, இறங்கினதுதான் பெரும்பாடு. வீட்டிலிருந்த பழைய யுகுலேலே மூன்று அங்குலம்தான் ஏற்றும். நாலு வருஷமாக அதை யாரும் பெரிதுபடுத்தியதில்லை. அவர் கூடத்தில் உட்கார்ந்து மீட்டுவார். சமையலறையில் பங்காரம்மாவின் பாதம் தரையை விட்டு மூன்று அங்குலம் எழும்பும். மூன்று விநாடியில் நாதம் அடங்கியதும் இறங்கிவிடும். அந்த இடைவெளிக்குள் அந்தம்மா மேல்தட்டிலிருந்து புளி டப்பாவை எடுத்துக்கொள்வார். அந்த வீட்டில் ஸ்டூலே கிடையாது.

லட்சுமிநாராயணன் முப்பத்தாறு வருஷம் பம்ப்செட் கம்பெனியில் தரம் பார்த்தவர். ஓடுகிற மோட்டாரில் ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து, பிடியைக் காதில் வைத்தாரென்றால் எந்த பேரிங் எந்தக் கிழமை தேயும் என்று சொல்லிவிடுவார். ஒரு தடவை அந்த மோட்டாரை வாங்கப்போகிற விவசாயியின் பெயரை இனிஷியலோடு சொன்னார் என்றும் பீளமேட்டில் பேச்சு உண்டு. அப்பேர்ப்பட்டவர் புது யுகுலேலேயைச் சும்மா வாசிப்பாரா? பெட்டியைப் பிரித்ததும் கனம் அளக்கிற வெர்னியரைத்தான் எடுத்தார். மேல்பலகை சுத்த அகேசியா மரம், இரண்டே மில்லி கனம், ஒரு முடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முறுக்காணிகள் பல்சக்கரம் வைத்து வெண்ணெய் போலத் திரும்பின. பழசோ ஒட்டுப்பலகை, உள்ளே பசை வழிந்து காய்ந்து கிடந்தது, ஆணிகள் மழையில் ஊறிய கதவு மாதிரி முனகின. சத்தத்தில் இன்னும் மோசம். பழசைத் தட்டினால் அட்டைப்பெட்டியைத் தட்டியது போல ஒரு டொக்கு, மூன்று விநாடியில் காலி. புதுசின் நாதம் பித்தளை அண்டா நிறைவது போல நிறைந்து, பதினோரு நிமிஷம் நின்றது. பங்காரம்மா கூடத்துச் சீலிங்கில் தலை இடித்து, அங்கேயே இருந்து ஒட்டடை அடித்து முடித்து இறங்கினார். லட்சுமிநாராயணன் கம்பெனி வழக்கப்படி சிவப்புப் பெயிண்டை எடுத்து, பழசின் முதுகில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். ரிஜெக்ட்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பம்ப் தண்ணீரை எவ்வளவு உயரம் தள்ளும் என்பதற்கு ஹெட் என்று பெயர். அதை முழுசாகப் பார்க்காமல் சான்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் தொழிலில் பாவம். சீலிங் இடிக்கிற இடத்தில் ஹெட்டை எப்படி அளப்பது? வேறெந்தப் புருஷனுக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது. ஆடி மாசம் பத்து மணி வெயிலில் மனைவியை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், ஒப்பிட்டுப் பார்க்கப் பழசையும் கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, புதுசில் நாலு தந்தியையும் சேர்த்து ஓங்கி ஒரு மீட்டு மீட்டினார்.

பங்காரம்மா போய்க்கொண்டே இருந்தார். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினார், பக்கத்து வீட்டுத் தென்னையைத் தாண்டினார். அறுபத்திரண்டு அடியில் நின்றார். அப்போதுதான் லட்சுமிநாராயணனுக்குக் காற்று ஞாபகம் வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்று, ஆட்டுக்கல்லையே நகர்த்தும். அது அந்தம்மாவைக் கிழக்கே தள்ளியது. கிழக்கே, பக்கத்து மொட்டை மாடியை ஒட்டினாற்போல, மாடியிலிருந்து இருபதடி உயரத்தில் ஹைடென்ஷன் கரண்ட் கம்பி போகிறது.

"ஏமண்டி, டெஸ்டிங் முடிஞ்சுதுங்களா? அடுப்புல பருப்பு கெடக்குது!"

லட்சுமிநாராயணன் கணக்குப் போட்டார். நாதம் தானாக அடங்குவதற்குள் காற்று கம்பியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். தந்தியை அமுக்கி நிறுத்தினால், ஓடுகிற மோட்டாரைப் பட்டென்று நிறுத்திய கதைதான். ஏறிய தண்ணீர் மொத்தமும் திரும்பி வந்து குழாயை உடைக்கும். இங்கே குழாய் இல்லை, பங்காரம்மா. பக்கத்து மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த சாந்தாமணி சுவர் தாண்டி ஓடி வந்தார். "ஏனுங்க, அம்மணி கம்பிக்குப் போறாங்க, பாத்துட்டு நிக்கறீங்க!"

அந்த நிமிஷத்தில் அவர் கண் பழசின் மேல் விழுந்தது. கிணற்றுக்குள் குழாயின் அடியில் ஃபுட் வால்வு ஒன்று இருக்கும். அதற்கு ஒரு சொட்டுக்கூட ஏற்றத் திராணி கிடையாது. ஏறினதை விழாமல் பிடித்து நிறுத்தும், அவ்வளவுதான். பழசும் அந்த ஜாதிதான். புதுசைச் சாந்தாமணி கையில் திணித்தார். "மூணு சொன்னதும் தந்தி மேல கையை வெச்சு அமுக்கிப்போடுங்க."

மூன்று என்றார். புதுசு ஊமையாக, பழசு டொக்கென்றது. பங்காரம்மா ஒரு சாண் விழுந்து நின்றார். மூன்று விநாடி. அடுத்த டொக்கு, அடுத்த சாண். ஒரு தட்டு தவறினால் ஆள் இல்லை. காற்று ஒரு பக்கம் இழுக்க, இவர் விரல்தோல் உரிய உரியத் தட்டினார். நாற்பதாவது மீட்டலில் கம்பி ரீங்கரிப்பது கீழே கேட்டது. ஐம்பதாவதில் பங்காரம்மாவின் முந்தானை பறந்து கம்பியைத் தொடப் போயிற்று, அந்தம்மா அதை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, "தூங்கிடாதீங்க!" என்றார். ஐம்பத்தாறாவதில் பாதம் கம்பிக்கு ஒரு முழம் பக்கத்தில் அதே மட்டத்துக்கு வந்தது. அறுபத்து நாலாவதில் தலையும் கம்பிக்குக் கீழே வந்துவிட்டது. எண்பத்து மூன்றாவதில் சாந்தாமணியின் மிளகாய் மேல் இறங்கினார். முதலில் தும்மினார். பிறகு, "பருப்பு தீஞ்ச வாசம் வருது" என்று சொல்லிவிட்டுக் கீழே போனார். லட்சுமிநாராயணன் அங்கேயே உட்கார்ந்து, பழசின் முதுகிலிருந்த சிவப்புக் குறியை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். பொழுது சாய்கிற வரை சுரண்டினார்.

குறி முழுசாகப் போகவில்லை. அதன் பக்கத்திலேயே பச்சையில் பாஸ் என்று எழுதிவிட்டார். புதுசா பழசா, எது நல்லது என்று இப்போது யார் கேட்டாலும், ஏற்றப் புதுசு, இறக்கப் பழசு என்பார். காற்றில்லாத காலையில் பங்காரம்மா இடுப்பில் கிணற்றுக் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏறுகிறார். அந்தத் தெருவில் மாடிப்படி ஏறித் தொட்டியை எட்டிப் பார்க்கிற வேலை யாருக்கும் இல்லை.

"ஏனுங்க அம்மணி, எங்க தொட்டி ரொம்பிருச்சுங்களா?" என்று சாந்தாமணி வாசலிலிருந்தே கேட்பார்.

"இன்னும் ஒரு சாண் இருக்குது கண்ணு, மோட்டாரை நிறுத்தீராதே" என்று மேலிருந்து பதில் வரும்.