மூன்று சிவப்புச் சொட்டு

பள்ளிக்கூட வாசலில் லோடு ஆட்டோ நின்றதும் நுழைவு வளைவை நிமிர்ந்து பார்த்தேன். மகளைச் சேர்க்க வந்த அன்றுகூட அதை நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. வளைவில் இருந்த பள்ளிச் சின்னத்தில் கூழைக்கடாப் பறவை ஒன்று தன் நெஞ்சைத் தானே கொத்திக்கொண்டு நின்றது. அங்கிருந்து மூன்று சிவப்புச் சொட்டு, கீழே வாய் பிளந்த குஞ்சுகளுக்கு விழுந்துகொண்டிருந்தது. எங்கள் அச்சகத்தில் அடித்து நான் கொண்டுவந்த ஆயிரத்து இருநூறு பள்ளி டைரிகளின் அட்டையில் அந்தச் சொட்டுகள் இல்லை. நான்தான் அழித்தேன்.

பன்னிரண்டு வருஷமாகத் தீப்பெட்டி லேபிளை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் சுத்தம் பண்ணுகிற கை இது. புள்ளியைக் கண்டால் அழிக்கும். ஒரு புள்ளி தப்பினாலும் தீப்பெட்டிக் கம்பெனிக்காரன் பண்டலோடு திருப்பிவிடுவான். பள்ளிச் சின்னத்தில் இருந்த சொட்டுகளையும் மை தெறித்தது என்றே நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன மாதம் ஒரு லேபிளில் நிறம் மாறிப்போனபோதே அச்சக முதலாளி ஆறுமுகசாமி அண்ணாச்சி சொல்லிவிட்டார்: "இன்னொரு தப்பு வந்துச்சுன்னா வேற வேல பாத்துக்கோ, பாண்டிச்செல்வி." அவர் சொன்னால் சொன்னதுதான். புருஷன் போன பிறகு எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது இந்த வேலையால்தான்.

பெட்டிகளைத் தூக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அனுப்பியிருந்தார்கள். அதில் என் மகள் காளீஸ்வரியும் இருந்தாள். தலைமையாசிரியை சிஸ்டரின் அறையில் முதல் பெட்டியை அவள்தான் இறக்கினாள். நானே முந்திச் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன்.

அதற்குள் சிஸ்டர் ஒரு டைரியை எடுத்தார். வெகுநேரம் அட்டையையே பார்த்தார்.

"ரத்தம் எங்கம்மா?"

"அழுக்குன்னு நெனச்சு அழிச்சிட்டேன், சிஸ்டர்."

"அழுக்கா? பஞ்சத்துல தாய்ப்பறவை தன் ரத்தத்தக் குடுத்துக் குஞ்சுகளக் காப்பாத்துதும்மா. நமக்காக ரத்தம் சிந்துன ஆண்டவரோட அடையாளம் அது. அத அழிச்சிட்டா இந்தச் சின்னத்துல என்ன இருக்கு?"

அவர் போனை எடுத்தார். அண்ணாச்சியின் நம்பரைத்தான் தேடுகிறார்.

"சிஸ்டர்," என்றாள் காளீஸ்வரி. "குஞ்சுக குடிச்சு முடிச்சிருச்சு. அதான் ரத்தம் இல்ல."

சிஸ்டர் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். அவளையே பார்த்தார்.

"அப்ப அந்தத் தாய்க்கு இனி என்ன மிச்சம் இருக்கு?"

காளீஸ்வரி திரும்பினாள். அந்தத் தாய்ப்பறவையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். என் பிள்ளை முகத்தில் அவ்வளவு பயத்தை நான் அதுவரை கண்டதில்லை.