துண்டுக்குள் ஒரு கை

அந்தச் சீரியலை எழுதிய மகராசன் ஆட்டுச்சந்தைப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டான். பார்த்திருந்தால் அப்படி ஒரு காட்சி வந்திருக்குமா? வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட மருமகள், தான் வளர்த்த கிடாவோடு சந்தைக்குப் போகிறாள். தரகர் தோள் துண்டை எடுத்துத் தன் கையை மூடியதும், இவளும் டக்கென்று உள்ளே கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுகிறாள்!

பழனியம்மாள் வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அடி ஆத்தீ! எந்த ஊர்லடி பொம்பள துண்டுக்குள்ள கைய விடுவா?" என்றாள் பக்கத்து வீட்டு வீரலட்சுமி.

சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அய்யலூர்ச் சந்தையில் விலை என்பது ஆம்பிளைகள் சமாச்சாரம். துண்டுக்குள் தரகர் எந்த விரலை எப்படி அழுத்துகிறாரோ அதுதான் விலை. பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. அந்நிய ஆணின் விரலைப் பெண் எப்படிப் பிடிப்பாள்? வளர்ப்பது அவள், விற்பது வீட்டு ஆம்பிளை. பழனியம்மாளின் புருஷன் பொன்னுச்சாமி லாரியோடு வடக்கே போனால் திரும்ப மாதக்கணக்காகும். அதனால் ஆறு வருஷமாக அவள் ஆடுகளை விற்றுக்கொடுப்பது கொழுந்தன் உடையப்பன். அவன் கொண்டுவந்து கொடுப்பதுதான் விலை.

பழனியம்மாளும் சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் பாழாய்ப்போன அந்தக் காட்சி மனசை விட்டுப் போகவில்லை. புல்லறுக்கும்போதும் அதுதான், தண்ணி காட்டும்போதும் அதுதான். தெரியாமல் எடுத்த காட்சியாகவே இருக்கட்டும், டிவிக்குள் அந்த மருமகளை யாரும் அடித்து விரட்டவில்லையே! ஒரே ஒரு தடவை, தான் வளர்த்த கிடாவின் விலையை முதல் ஆளாகத் தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஆசை வந்துவிட்டது அவளுக்கு.

வியாழக்கிழமை உடையப்பன் கிடாவைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றினான். அவளும் ஏறி உட்கார்ந்தாள்.

"நீங்க எதுக்கு மதினி? அங்க நிக்கக்கூட எடமிருக்காது."

"சும்மாதான் வாரேன் தம்பி."

சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது நன்றாக விடிந்திருந்தது. தரகர் அய்யனார் கிடாவின் முதுகை அமுக்கினார், பல்லைப் பிடித்துப் பார்த்தார். பிறகு துண்டைக் கைமேல் போட்டு உடையப்பன் பக்கம் நீட்டினார். அவன் கையைத் தூக்குவதற்குள் பழனியம்மாள் தன் கையை உள்ளே விட்டுவிட்டாள்.

அய்யனாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏத்தா, என்ன காரியம் பண்ற? கைய எடு!"

"என் ஆடுண்ணே. எனக்கே சொல்லுங்க."

"சீரியல் பாத்துட்டு வந்திருக்குடோய்!" என்று எவனோ கத்த, சுற்றிலும் ஒரே சிரிப்பு. அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. விரல் கணக்கு அவளுக்கு ஒரு எழவும் தெரியாது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

அய்யனார் பாடுதான் திண்டாட்டம். எதிரே அவருடைய மாமனார் ஊர்க்காரர்கள் நாலு பேர் நிற்கிறார்கள், அடுத்தவன் பெண்டாட்டி கை இவர் துண்டுக்குள்! வெடுக்கென்று துண்டை உருவினார்.

"ஆள விடு தாயி! விரலும் வேணாம், ஒண்ணும் வேணாம். வாயாலயே சொல்லிப்புடுறேன். பதினெட்டாயிரம். அதுக்கு மேல ஒத்த ரூவா தேறாது."

அத்தனை பேர் காதிலும் விழுந்தது. விலையை இப்படிப் போட்டு உடைக்கலாமா என்று யாவாரிகள் முணுமுணுத்தார்கள். பக்கத்தில் கயிறும் கையுமாக நின்ற கருப்பம்மாள் என்ற பெண், தன் மருமகனை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். "அப்ப என் ஆட்டுக்கும் வாயாலயே சொல்லுப்பா!"

பழனியம்மாள் அதையெல்லாம் கவனிக்கவில்லை. போன வருஷம் இதைவிடப் பெருத்த கிடாவுக்கு உடையப்பன் கொண்டுவந்து கொடுத்தது இதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். சந்தை மந்தம் என்றானே, பாவி! திரும்பிப் பார்த்தாள். அவன் குனிந்து செல்போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

"மதினி... அது வந்து... ஆட்டோ வாடகை, சந்தைச் செலவுன்னு..."

"ஒண்ணும் சொல்ல வேணாம் தம்பி." சத்தம் போடாமல்தான் சொன்னாள். "ஆறு வருசம் போனது போகட்டும். அந்தக் கயித்த இப்பிடிக் கொடுங்க. இனிமே என் ஆட்டோட நானே வாரேன்."