நாலாம் நம்பர் கண்ணாடி

ஒரு மலை என்னைத் துரத்திக்கொண்டு வந்தது. ஓட்டப்பந்தயத்தில் அதை நான் அரையடியில் ஜெயித்தேன். வயது அறுபத்து நான்கு, இரண்டு முழங்காலும் தேய்மானம், காலில் ரப்பர் செருப்பு. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். பிறகு அதற்கு நேரம் இருக்காது.

சர்வேயராக இருந்து ஓய்வு பெற்ற என்னை, புதுக்கோட்டைக்கு வடக்கே ஒரு கல்குவாரியில் பாறையைக் கவனிக்க வைத்திருந்தார்கள். குவாரியின் உச்சியில், விளிம்புக்கு நாலடி உள்ளே, நீளமாக ஒரு வெடிப்பு ஓடியது. அதற்குக் குறுக்கே ஆறு இடத்தில் சாண் நீளக் கண்ணாடித் துண்டுகளைச் சிமெண்டு வைத்துப் பதித்து, பக்கத்தில் தேதியும் எழுதியிருந்தேன். பாறை நூலளவு விலகினாலும் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். செவ்வாய்தோறும் ஏறிப் பார்ப்பேன். நோட்டில் "நகர்வு இல்லை" என்று எழுதுவேன். ஐந்து வாரமும் அதேதான். ஐப்பசி மழை கடல் கடலாகக் கொட்டியும் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. என் பார்வைக்குப் பயந்துதான் பாறை நிற்கிறது என்று கீழே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கீழே, அந்தப் பாறைச் சுவரின் அடியில், பதினொரு பெண்கள் கல் உடைத்தார்கள். அவர்களில் ஒருவரான ஞானமணிதான் மேஸ்திரி. நான் சொல்வதில் ஒரு சொல்லைக்கூட நம்பாதவர்.

"நேத்து மேல ஒரு உடும்பு பாத்தேன். முதலை சைசு."

"ஒங்கள முழுங்காம விட்டுச்சே சார். பொய்யத் தின்னா செமிக்காதுன்னு அதுக்கும் தெரிஞ்சிருக்கு."

ஆறாவது செவ்வாய், மதியம். நாலாம் நம்பர் கண்ணாடியின் ஓரத்தில் சிவப்பாக ஒரு பொட்டு. விரலால் தேய்த்தேன். குங்குமம்.

நான் பதித்தது கடையில் வெட்டி வாங்கிய கண்ணாடி. இது சாமி படத்திலிருந்து கழற்றியது.

காவலாளி மலையாண்டியைக் கூப்பிட்டேன். வரும்போதே அவர் கண் கலங்கியிருந்தது.

"நெசமா நான் ஒடைக்கல சார். தானா விரிஞ்சு கெடந்துச்சு. ஆபீஸ் சாமான ஒடைச்சுட்டேன்னு எம் மேல போட்டுருவாங்கன்னு வேற கண்ணாடி வச்சுப் பூசினேன். ஒங்கள மாதிரியே தேதிகூட எழுதினேன் சார்."

"எத்தன தடவ?"

"மத்ததெல்லாம் ரெண்டு, மூணு. இது மட்டும் ஏழு. வீட்ல இனிமே கழட்ட படம் இல்ல சார்."

நோட்டைப் புரட்டினேன். முதல் நாள் வெடிப்பின் அகலம் பதினெட்டு மில்லிமீட்டர். ஸ்கேலை வைத்தேன். ஐம்பத்தொன்று. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குங்குமக் கண்ணாடி 'டிக்' என்று இரண்டானது. அடுத்து மூன்றாவது. பிறகு ஐந்தாவது. வெடிப்பின் ஆழத்தில் யாரோ பல்லை நறநறவென்று கடித்தது போலச் சத்தம்.

ஓரமாக ஓடி நின்று கத்தினேன். "ஞானமணி! எல்லாரும் ஓடுங்க! மலை வருது!"

கீழே நிழலில் தூக்குச்சட்டிகளைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். பதினொரு தலையும் நிமிர்ந்தன.

"வரட்டும் சார்! அதுக்கும் ரெண்டு வாய் சோறு போடுறோம்!"

சிரிப்பு மேலே வரைக்கும் வந்தது. ஐந்து வாரமாக அந்தச் சிரிப்பை வளர்த்தவன் நான்தான்.

பக்கவாட்டுப் பாதையில் இறங்கி ஓடினேன். பின்னால் மலையாண்டி "முருகா, முருகா" என்று வந்தார். பாதி வழியில் ஒரு செருப்பு போய்விட்டது. அவர்கள் முன்னால் போய் நின்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. சோறு பிசைந்துகொண்டிருந்த ஞானமணியின் மணிக்கட்டைப் பிடித்தேன். கல் ஏற்ற நின்ற லாரிப் பக்கம் இழுத்தேன்.

"என்ன சார், இந்தத் தடவ யானையா?"

தலையை மட்டும் ஆட்டினேன். அவர் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது.

"ஏய், சாருக்குப் பேச்சே வரலடி! எந்திரிங்க! பிரகதீஸ்வரி, சட்டிய விடு, விடுடி! லாரிக்கு அங்கிட்டு ஓடுங்க!"

ஓடினோம். முதலில் மண் சரசரவென்று கொட்டியது. பிறகு சுவரே பெயர்ந்தது. அதிலிருந்து லாரி அளவுக் கல் ஒன்று தனியாகப் பிரிந்து எங்கள் பின்னால் உருண்டது. எனக்கு முழங்கால் மடங்கியது. யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்கள். முதுகில் கல்லின் காற்று பட்டது.

புழுதி அடங்க வெகுநேரம் ஆனது. ஞானமணி ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். தன்னையும் சேர்த்துப் பதினொன்று. மலையாண்டி லாரிக்கு அடியில் கிடந்தார், உயிரோடு. சோறு தின்ற இடத்தில் இரண்டு பனை உயரத்துக்குக் கல் கிடந்தது.

மறுநாள் விசாரணைக்கு அதிகாரி வந்தார். எனக்குப் பேச்சும் வந்துவிட்டிருந்தது. அரண்மனை அளவுப் பாறை, தஞ்சாவூர் வரை கேட்ட சத்தம், மலை துரத்தியது, நான் ஜெயித்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டு ஞானமணியிடம் திரும்பினார்.

"ஏம்மா, இதுல எது நெசம்?"

ஞானமணி என்னை முறைத்தார். "அரண்மனையும் இல்ல, தஞ்சாவூரும் இல்ல சார். இவரு ஜெயிக்கவும் இல்ல. காலரப் புடிச்சு இழுத்தது நானு."

அப்புறம் காலரைப் பிடித்த தன் கையைப் பார்த்தார்.

"ஆனா மலை வெரட்டுச்சு சார். இவரு குதிகாலுக்கும் கல்லுக்கும் அரையடிதான் இருந்துச்சு. நான் பாத்தேன்."