கடப்பாக்கத்தில் ஏறிய பை

1

இந்தக் கதை என் மடியில் விழுந்தது. உவமை இல்லை, நிஜமாகவே. கடப்பாக்கம் நிறுத்தத்தில் பேருந்து ஜன்னல் வழியாக ஒரு சாப்பாட்டுப் பை வந்து விழுந்தது. நல்ல கனம், தயிர் சாதம். சீட்டுப் பிடிக்கப் பையை வீசிவிட்டு வாசலுக்கு ஓடுவது இந்தத் தடத்தில் வழக்கம். பைக்குச் சொந்தக்காரர் ஜெகதீசனும் ஓடினார். பேருந்து அவரைவிட வேகமாக ஓடிவிட்டது.

2

தொடக்கம் ஒன்று: "எல்லை என்பது மனிதன் நிலத்தின் மேல்..." (வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

தொடக்கம் இரண்டு: ஜெகதீசன் தமிழ்நாட்டில் தூங்கி எழுந்து, புதுச்சேரியில் சோப்பு செய்பவர். இன்னொரு தடவை மணியடித்த பிறகு வந்தால் வேலை கிடையாது என்று ஆலையில் சொல்லிவிட்டார்கள். வாசலில் காட்டவேண்டிய அட்டை பைக்குள். பர்ஸும் போனும் பைக்குள்.

பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தேன். நிற்கவே இடமில்லாத கூட்டம், ஆனாலும் பை பிடித்த சீட்டில் ஒருவரும் உட்காரவில்லை. நடத்துநர் ஹரிகிருஷ்ணன் அதற்கு லேசாக வணக்கம்கூட வைத்தார். (வணக்கம் மட்டும் நான் சேர்த்தது.)

3

பை அடித்தது. போனை எடுத்தேன்.

"ஹலோ, பைதான் பேசுது."

"நைனா, நான் ஜெகதீசன்! ஏசுதாஸ் அண்ணாத்த மீன் மொபெட்ல உங்க பின்னாலயே வந்துகினு கீறேன். பெட்ரோல் தீரப்போவுது. பஸ்ஸ நிறுத்தச் சொல்லு!"

(அடிக்குறிப்பு, அடியில் இடமில்லாததால் இங்கே: எல்லைக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் விலை குறைவு. அதனால் இங்கே எல்லோரும் கடைசிச் சொட்டில்தான் எல்லையைத் தொடுவார்கள். ஏசுதாஸ் இன்னும் ஒரு மீன்கூட விற்கவில்லை, சட்டைப்பை காலி. மொபெட் எப்படிப் பேருந்தைப் பிடிக்கும் என்று என்னிடம் கேட்காதீர்கள்.)

4

எழுதுகிறவன் நான். ஒரு பஞ்சர் போட்டால் தீர்ந்தது. "அப்போது பின் சக்கரத்தில் ஒரு ஆணி..."

அதே ஆலைக்குப் போகும் ரேணுகா, நின்றபடி என் நோட்டை எட்டிப் படித்துவிட்டு என் பேனாவைப் பிடுங்கினாள்.

"இன்னா தாத்தா இது? அவன் ஒருத்தனுக்காவ மொத்த பஸ்ஸும் லேட்டாவணுமா? எங்களுக்கும்தான் ஆலை கேட்டைச் சாத்துவான்!"

"அப்ப ஒரு திமிங்கலம்? ரோட்டுக்குக் குறுக்கே..."

"மரக்காணத்துல ஏது திமிங்கலம்? உப்பளம்தான் கீது!"

"உப்புத் திமிங்கலம்."

ஹரிகிருஷ்ணன் விசில் ஊதினார். "பெருசு, கடப்பாக்கம் வுட்டா இது நடுவுல எங்கயும் நிக்காத வண்டி. திமிங்கலம் கை காட்னாலும் நிக்காது."

5

எல்லைப் பலகை தெரிந்தது. ஜன்னலோரம் மொபெட் இருமிக்கொண்டே வந்தது. ஐஸ் பெட்டிமேல் ஜெகதீசன், இரண்டு கையையும் விரித்தபடி.

"தூக்கிப் போடு தாத்தா!" என்றாள் ரேணுகா.

"தவறிப்போச்சுன்னா அவன் வேலை போயிடும்மா."

"கதைய நீதான எழுதுற? நேரா எழுது!"

வீசினேன். பை எழுந்த சூட்டோடு அந்தச் சீட்டில் ரேணுகா உட்கார்ந்துவிட்டாள். இனி அது திரும்பி வந்தாலும் இடமில்லை.

பை இப்போது இரண்டு அரசாங்கங்களுக்கு நடுவே, காற்றில். ஜெகதீசன் அதை எட்டிப்...

(வயதான கை. குறி சற்று விலகிவிட்டது. உங்கள் பக்கமாகத்தான் வருகிறது.)

புத்தகத்தைக் கீழே வையுங்கள். இரண்டு கையையும் நீட்டுங்கள். தயிர் சாதம், பார்த்து.